தெற்குப் பக்க ஓரக்கட்டை

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஞாபகங்கள் மிகச் சில. எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்தக் கடிதம் யார் மூலமாகப் போக வேண்டும் என்பது போன்ற, இனி யாருக்கும் பயன்படாத விஷயங்கள். அவற்றோடு அவருடைய கையெழுத்தும் தங்கிவிட்டது. தமிழில் மூன்று எழுத்து. கடைசி எழுத்தின் வாலை மட்டும் நீளமாக இழுத்துவிடுவார். வருகைப் பதிவேட்டில் அது அடுத்த ஆளின் கட்டத்துக்குள் போய் விழும். மாதத்துக்கு ஒரு முறையாவது அதற்காகக் கடிந்துகொண்டிருக்கிறேன்.

"கட்டத்துக்குள்ள போடு மேஸ்திரி."

"கட்டம் சின்னதா கீதுங்க" என்பார்.

இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று 'நீ' என்றுதான் பேசினேன். எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல். ஆபீஸில் அது வழக்கம். வழக்கம் என்று சொல்லி மூட முடியாதது எதுவும் ஆபீஸில் கிடையாது.

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த கடைசி வருஷங்கள் அவை. நான் திண்டிவனத்தில் ஓர் ஆபீஸில் கிளார்க்கு. சுற்றுவட்டார ஏரிகளின் கரை, மதகு, உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் எல்லாம் எங்கள் பொறுப்பு. எங்களுக்கு மேலான ஆபீஸ் விழுப்புரத்தில். நாங்கள் எழுதுவது மத்தியான ரயிலில் விழுப்புரம் போகும். அவர்கள் கேட்கும் கேள்வி அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அதே தண்டவாளத்தில் திரும்பி வரும். பதினோரு வருஷம் அந்தப் போக்குவரத்துக்குக் கொடி காட்டினேன்.

அவர் பாண்டிச்சேரித் துறைமுகத்தில் படகு வேலை பார்த்துவிட்டு வந்த தச்சு மேஸ்திரி. வேலை இருக்கும் மாதங்களில் மட்டும் அவர் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கும். மற்ற மாதங்களில் அவர் எங்கள் வரையில் உலகத்திலேயே இல்லை.

தலையில் ஒரு முண்டாசு. அதற்குள் செருகி வைத்த ஒரு குத்தூசி. செருப்பு தைக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். புளியங்கட்டைப் பிடி, கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழிந்து போனது. எந்த மரத்தைப் பார்த்தாலும் அவர் கை முண்டாசுக்குப் போகும். குத்துவார். ஊசியை இழுத்துப் பார்ப்பார். தொடையில் துடைப்பார். பிறகு எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் சொல்லும் வாக்கியம் ஒன்றே:

"மேல நல்லாத்தான் கீது."

அவ்வளவுதான். உள்ளே எப்படி என்று சொல்ல மாட்டார். கேட்டால் ஊசியை நீட்டுவார். முனையில் ஒட்டியிருக்கும் ஈரத் தூளை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஆபீஸ் கதவு நிலையை அவர் ஒருமுறை குத்தினார். ஊசி பிடி வரைக்கும் போயிற்று. கரையான். எங்கள் ஓவர்சியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யோவ், அதைத் தொடாதேய்யா! பெரியவர் இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், அது வரைக்கும் நிக்கும்!" நின்றது. ஓவர்சியர் நல்ல மனிதர். அவருடைய உலகத்தில் ஒவ்வொரு பொருளும் அடுத்த இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் நின்றால் போதும்.

மேஸ்திரியின் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கண்டாச்சிபுரம் பக்கம் போனார்கள். போன இடத்தில், காபி வருவதற்கு முன் வீட்டு நடுத்தூணைக் குத்திவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"பொண்ணு குடுக்க வந்தியா, வூடு வாங்க வந்தியா?"

"மேல நல்லாத்தான் கீதுங்க" என்றாராம் இவர். சம்பந்தம் அதோடு முறிந்தது. அந்த வீடு அதற்குப் பிறகு ரொம்ப காலம் நன்றாகவே நின்றது என்றும் கேள்வி. அவர் குத்தியதெல்லாம் விழவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது இன்னொரு நற்சான்றிதழ் ஆகிவிடும். அவர் விஷயத்தில் நான் தயாரித்த சான்றிதழ் ஒன்றே போதும்.

அந்தப் படகு பதினோரு அடி நீளம். மயிலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பெரிய ஏரியில் கிடந்தது. மதகைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்காக வாங்கியது என்று பதிவேடு சொல்லும். அதிகாரி வருஷத்துக்கு ஒரு நாள் வருவார். மீதி நாட்களில் அது அக்கரைக்காரர்களின் படகு. ஏரியின் மேல்கரையில் கூலிக்காரர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. நாற்பது வீடுகள், ஒரு மாதா கோயில். மேஸ்திரியின் வீடும் அங்கேதான். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் அவர்கள் வெளியே வரும் பாதை தண்ணீருக்குள் போய்விடும். தை பிறந்துதான் வெளியே வரும். அந்த மூன்று மாதமும் கூலிக்குப் போவதும் வருவதும் அந்தப் படகில். ஓட்டுகிறவர் துரைக்கண்ணு. மதகுக்குக் காவல் இருக்கிற லஸ்கர். படகில் பொதுமக்களை ஏற்றக் கூடாது என்று ஒரு உத்தரவு உண்டு. அதை ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தோம்.

படகின் பலகைகள் மேலே முடிகிற இடத்தில், முன்முனையிலிருந்து பின்முனை வரை இரண்டு பக்கமும் வளைந்து ஓடும் ஒரு கட்டை உண்டு. விலாக்கட்டைகளின் தலைகளையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அது. துடுப்பு மாட்டும் இரும்புக் கொண்டி உட்கார்ந்திருப்பதும் அதன் மேல்தான். அவர் அதை ஓரக்கட்டை என்பார். எங்கள் ஃபைலில் அதற்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருந்தோம்.

ஓரக்கட்டை மக்கிப்போனதற்குக் காரணம் பெயிண்ட். ஒவ்வொரு வருஷமும் இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் படகைக் கரைக்கு இழுத்து, துணியால் துடைத்து, அன்றைக்கே பச்சைப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். ஈரத்தின் மேல் பெயிண்ட். அதன் மேல் அடுத்த வருஷப் பெயிண்ட். மரத்துக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இருந்து தின்றது. படகு மட்டும் வருஷத்துக்கு வருஷம் பளபளப்பாகிக்கொண்டே வந்தது. அதிகாரிகள் 'நன்கு பராமரிக்கப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஒரு இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி அந்தப் பச்சையில் ஊசியை இறக்கினார். பிடி வரைக்கும் போயிற்று. ஒரு சாண் தள்ளிக் குத்தினார். அங்கேயும் போயிற்று. ஓவர்சியர் வந்து பார்த்தபோது ஒரு பக்கம் முழுக்க வரிசையாக ஓட்டைகள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? நாளைக்குப் பெரியவர் வர்றாரு!"

"மரம் எப்பவோ போச்சுங்க. பெயிண்ட்டுதான் படகத் தூக்கிக்கினு கீது."

ஓட்டைகளை மறைக்க நேரமில்லாததால் அந்த வருஷம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. எஸ்டிமேட் போடச் சொல்லி உத்தரவானது.

ஓவர்சியர் வாழ்நாளில் கட்டடங்களுக்கும் மதகுகளுக்கும் மட்டுமே எஸ்டிமேட் போட்டவர். கட்டடத்துக்கு எழுதுவது போலவே எழுதினார்: 'படகின் தெற்குப் பக்க ஓரக்கட்டையை அகற்றிப் புதிதாகப் பொருத்துதல்.' அப்போது படகு கரையில் கிழக்கே முகம் வைத்துக் கிடந்தது, எஸ்டிமேட் சரியாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் கழித்து சாங்ஷன் வந்தபோது படகு நாலைந்து முறை தண்ணீருக்குப் போய்த் திரும்பி, மேற்கே முகம் வைத்துக் கிடந்தது. மேஸ்திரி தன் பாட்டுக்கு மக்கின பக்கத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஓவர்சியரும் நானும் ஆர்டரோடு போய் நின்றோம்.

"நிறுத்துய்யா! சாங்ஷன் தெற்குப் பக்கத்துக்கு. நீ வடக்கைப் பேத்துக்கிட்டு இருக்க!"

"மக்கினது இதுதாங்களே."

"ஆர்டர்ல தெற்குன்னு இருக்கு. ஆடிட்ல கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் ஆர்டரைப் பார்த்தேன். திருத்திய எஸ்டிமேட், விளக்கக் கடிதம், மறு சாங்ஷன். இன்னும் ஐந்து மாதம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு துரைக்கண்ணுவைக் கூப்பிட்டார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படகை அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே முகம் வைத்தார்கள்.

"இப்ப இது தெக்குதாங்களே?"

ஓவர்சியர் சூரியனைப் பார்த்தார், படகைப் பார்த்தார், தலையாட்டினார். என் உத்தியோக வாழ்வில் அவ்வளவு விரைவாகப் பைசலான ஆட்சேபணை வேறில்லை.

அவர் வேலை செய்வதைப் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். கூட்டேரிப்பட்டில் அறுத்து வாங்கிய இலுப்பைப் பலகைகள் இரண்டைக் கல் கட்டி ஏரியில் ஊறப் போட்டிருந்தார். சாங்ஷன் ஒரு பலகைக்குத்தான். "இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டேன். "அது என்னுதுங்க, ஊறட்டும்" என்றார். ஊறின பலகையை எடுத்து ஈரச் சாக்கைச் சுற்றி, மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, குவித்து மூட்டிய புகைச்சலுக்கு மேல் நாள் பூராவும் காட்டுவார். கயிறும் ஆப்பும் போட்டு விரலளவு விரலளவாக வளைப்பார். மக்கின கட்டையை வெட்டும்போது மக்கல் முடிந்த இடத்தோடு நிற்க மாட்டார். நல்ல மரத்திலும் ஒரு முழம் தள்ளித்தான் ரம்பம் வைப்பார். ஓவர்சியருக்கு அது வயிற்றெரிச்சல். ஸ்டோரிலிருந்து கொடுத்தது இரும்பு ஆணி. "இரும்பு மரத்த சாப்டுடுங்க, செம்பு ஆணி வேணும்" என்றார். செம்பு ஆணி எங்கள் பட்டியலில் இல்லை. குங்கிலியத்தில் தோய்த்துத் தோய்த்து இரும்பையே அடித்தார். அடிக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார்.

மீன் எண்ணெய் பூசிய புதுக் கட்டை மஞ்சளாக மின்னியது. திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் கூலிக்குப் போகிற பெண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் அஞ்சலை என்பவளுக்கு வாய் அதிகம். "இன்னாண்ணா, படகுக்குக் கல்யாணமா? ஒரு பக்கம் மட்டும் மஞ்ச பூசிக்கினு கீது?"

"மாப்ள விழுப்புரத்துலேர்ந்து வரணும்மா. காயிதம் போயிருக்குது" என்றார் அவர்.

உண்மையில் போயிருந்தது. முதல் பக்கம் முடிந்த அன்றே அவர் அடுத்த பக்கத்தைக் குத்திப் பார்த்துவிட்டார். துடுப்புக் கொண்டி இருந்த இடத்தில் மூன்று அடிக்கு ஊசி தடையில்லாமல் இறங்கியது. அந்தக் காகிதம் எழுதியவன் நான். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் திரும்பி வந்தது. முதல் முறை: இந்தப் பழுது முதல் எஸ்டிமேட்டின்போதே ஏன் கவனிக்கப்படவில்லை? இரண்டாம் முறை: வடக்குப் பக்கம் என்பது எது, வரைபடம் இணைக்கவும். மூன்றாம் முறை வந்ததுதான் எல்லாவற்றுக்கும் மகுடம். முந்தைய வேலை முடிக்கப்படாத நிலையில் புதிய வேலைக்கு சாங்ஷன் தர விதியில்லை. எனவே 'படகு முழுமையாகச் சீர்செய்யப்பட்டு, உபயோகத்துக்குத் தகுதியாக உள்ளது' என்று வேலை செய்த மேஸ்திரியின் கையொப்பத்துடன் சான்றிதழ் அனுப்பினால், அடுத்த பக்கத்தைப் பற்றிப் பரிசீலிக்கலாம்.

அதாவது, படகில் பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்தால், பழுது பார்க்க வழி உண்டு. சிரிக்க வேண்டாம். எனக்கு அன்று அது முற்றிலும் நியாயமாகத் தோன்றியது. விதியைத் தேடிப் பார்த்தேன், இருந்தது.

ஏரிக்கரைக்குப் போய் அவரிடம் விளக்கினேன். "நீ இதுல கையெழுத்துப் போட்டாத்தான் அந்தப் பக்கத்துக்கு வழி பொறக்கும் மேஸ்திரி. இது வெறும் காகிதம்."

காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் இருந்தது, படித்துச் சொன்னேன்.

"நல்லா கீதுன்னு எய்திக் குடுத்துட்டா, அப்புறம் அத்த எதுக்குங்க மாத்தணும்?"

பதில் தெரியாதபோது கோபப்படுவது என்ற முறையை நான் ஓவர்சியரிடம் கற்றிருந்தேன். "ரொம்பப் பேஜார் பண்றியே. இத்தனை பேர் போட்டிருக்காங்க, உனக்கென்ன?" என்றேன்.

"ஊசி போவுதுங்களே" என்றார்.

மழை வந்துவிட்டது. ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்கு வழியத் தொடங்கியது. பாதை மூழ்கிப் படகு ஓட ஆரம்பித்தது. மேஸ்திரி அதைத் தடுக்கவில்லை, தடுத்தால் நாற்பது வீடு பட்டினி. மக்கின பக்கத்துக் கொண்டியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அந்தப் பக்கம் யாரும் சாய்ந்து உட்காரக் கூடாது. துடுப்பு மாட்டக் கூடாது. கலங்கலை விட்டுத் தள்ளி, ஓரமாகச் சுற்றிக்கொண்டு, மூங்கில் கழியை ஊன்றித்தான் போக வேண்டும். அரை மணி அதிகமாகும். பெண்கள் முணுமுணுப்பார்கள். அதனால் காலையும் மாலையும் ஒவ்வொரு நடைக்கும் அவரே படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு போய்வந்தார். அவர் இருந்தால் கழி. அவர் இல்லாவிட்டால் துரைக்கண்ணுவால் அந்தப் பெண்களைச் சமாளிக்க முடியாது.

விழுப்புரத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. இரண்டாவது நினைவூட்டலும் வந்தது. நான் அவருக்கு ஒரு மெமோ அனுப்பினேன்: சான்றிதழில் கையொப்பமிட மறுத்ததற்கு நேரில் விளக்கம் தரவும்.

காலை பத்து மணிக்கு வந்துவிட்டார். ஈர வேட்டியோடு வராந்தாவில் உட்கார்ந்தார். ஓவர்சியர் வெளியூர் போயிருந்தார். நான் கூப்பிடவில்லை. காக்க வைத்தால் மனிதர்கள் இளகுவார்கள் என்பது எங்கள் எழுதப்படாத முறை. பதினொன்றுக்கு எட்டிப் பார்த்தேன். கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்கு எட்டிப் பார்த்தேன். அதே நிலை, அதே பார்வை. மத்தியான ரயிலுக்குத் தபால் கட்ட வேண்டும். எனக்குச் சலித்துவிட்டது. வேறு காரணம் சொல்ல இத்தனை வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை, ஆதாயம் இல்லை, பயம்கூட அதிகம் இல்லை. வெறும் சலிப்பு. அந்த ஃபைலை நான்காவது முறை பார்க்கக் கூடாது என்ற ஒரே ஆசை.

பேனாவை எடுத்து, அவருடைய மூன்று எழுத்தையும் போட்டேன். கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்தேன்.

தபால் போன பிறகு வெளியே வந்து, "சரி, நீ போகலாம்" என்றேன்.

"கையெய்த்துங்க?"

"வேண்டாம். வேற வழி பண்ணிட்டேன்."

அவர் எழுந்தார். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கை முண்டாசு வரைக்கும் போய்த் திரும்பியது. சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தார்.

அன்று மத்தியானமே மழை கறுத்துக்கொண்டு வந்ததால் மல்லாட்டைக் கூலிக்காரர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். ஆறு பெண்கள் படகில் ஏறினார்கள். துரைக்கண்ணு கழியை எடுத்தார். "ஜல்தியாப் போய்யா, மழ வருது! மேஸ்திரிண்ணனும் இல்ல, துடுப்பப் போடு!" என்று எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். சிவப்புத் துணியை அவிழ்த்துவிட்டு இரண்டு துடுப்பையும் மாட்டினார். பாதித் தண்ணீரில் காற்று திரும்பியது. கலங்கல் பக்கம் இழுக்கிறதே என்று அவர் பலங்கொண்ட மட்டும் வலித்தார். கொண்டியோடு மூன்று அடி ஓரக்கட்டை பிய்ந்து கையோடு வந்துவிட்டது. படகு தகுதியானது என்ற காகிதம் ரயிலில் விழுப்புரம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், படகு பக்கவாட்டில் கலங்கல் மேல் போய்க்கொண்டிருந்தது.

யாரும் சாகவில்லை. கலங்கலுக்குக் கீழே தண்ணீர் மார்பளவுதான். அஞ்சலையின் வலது கை மட்டும் படகுக்கும் கலங்கல் கல்லுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. மூன்று விரல்கள் அதற்கப்புறம் மடங்கவில்லை. மல்லாட்டை உடைக்க விரல் மடங்க வேண்டும்.

மேஸ்திரி ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்களாம். அவர் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மறுபடி நடந்தார்.

பத்து நாளில் விசாரணை. விழுப்புரத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். இன்ஸ்பெக்ஷன் பங்களா முன்னறையில் மேஜை போட்டிருந்தோம். சாட்சியங்களை எழுதிக்கொள்ள ஒரு கிளார்க்கு வேண்டும். அது நான்தான். அதிகாரி சான்றிதழை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"படகு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்க. இது உன் கையெழுத்துதானே?"

அவர் காகிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலால் அந்த வாலை மெதுவாகத் தடவினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் பேனா காகிதத்தின் மேல் இருந்தது. மை ஊறிக்கொண்டிருந்தது.

"மேல நல்லாத்தான் கீதுங்க" என்றார்.

"ஆமாவா, இல்லையா?"

அவர் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "ஒத்துக்கிட்டான்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டது. அன்று சாயங்காலமே அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்ததும் நான்தான். ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் ஏரிக்கரையில் இருந்தார். ஊறிக்கொண்டிருந்த இரண்டாவது இலுப்பைப் பலகை வெளியே வந்திருந்தது. யாரோ ஒரு பழைய கூட்டாளி பாண்டிச்சேரியிலிருந்து கேப்பைக் களி உருண்டைகளுக்குள் செம்பு ஆணி வைத்துச் சுங்கக்காரனைத் தாண்டி அனுப்பியிருந்தான். அக்கரைக்காரர்கள் மல்லாட்டைத் தோல் சுமந்து கொட்டினார்கள். தடுத்து நிறுத்தலாமா என்று ஓவர்சியர் என்னைக் கேட்டார். தடுக்க ஒரு உத்தரவு வேண்டும், உத்தரவு போட ஒரு ஃபைல் வேண்டும் என்றேன். "அப்ப இந்த வேலையை எந்த ரிஜிஸ்டர்ல காட்டறது?" "எதிலயும் வேணாம் சார்" என்றேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த நல்ல காரியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் நான் மட்டும் கரைக்குப் போனேன். ஆணியின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கேட்டேன்.

"நான் போடலைன்னு அன்னைக்கு ஏன் சொல்லலை?"

இன்னொரு ஆணியை எடுத்தார். "சொன்னா யாருங்க எய்துவாங்க? நீங்கதானே எய்திக்கினு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. 'கட்டம் சின்னதா கீதுங்க' என்று சொல்கிற அதே குரல்.

நான் அந்தப் படகில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறேன். அடுத்த வருஷம் மதகு அளவு குறிக்க. கூட அஞ்சலை இருந்தாள், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. நான் தெற்குப் பக்கம் உட்காரப் போனேன். "அங்க வாணாம் சார், அது கவுர்மெண்டு பக்கம்" என்றாள். "இங்க குந்துங்க. இது எங்க பக்கம்." படகில் எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன்.

பாண்டிச்சேரி கைமாறிய கையோடு அவர் அங்கேயே போய்விட்டார் என்று சொன்னார்கள். எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றலும் பிரமோஷனும் சேர்ந்து வந்தன. கேள்வி கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாகக் கேட்டேன்.

அறுபதுகளில் ஒரு வருஷம், ஏரிக்குக் குறுக்கே அக்கரைக்குத் தாம்போதிப் பாலம் போட்ட பிறகு, படகைக் கழித்து ஏலம் விட ஒரு குழு அமைத்தார்கள். அதில் நான் ஓர் உறுப்பினர். விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு குத்தூசி வாங்கிக்கொண்டு போனேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படகு கரையில் கிழக்கே முகம் வைத்துக் கிடந்தது. சாங்ஷன் பெற்ற தெற்குப் பக்கத்தில் ஒவ்வொரு இரும்பு ஆணியைச் சுற்றியும் மரம் கறுத்திருந்தது. குத்தினேன், இறங்கியது. மறுபக்கம் போய்க் குத்தினேன். முனை வளைந்தது.

கூட வந்த அதிகாரி இளைஞர், கவனமானவர். பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பக்கம் புதுசா இருக்கே? ரெக்கார்டுல இல்லையே? யார் போட்டது, பேர் தெரியுமா உங்களுக்கு?"

பெயரைச் சொன்னால் பழைய சான்றிதழ் எழுந்து வரும். அதைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி வரும்: இந்தப் பக்கத்தை இப்படிப் போட்ட ஆள், இதே பக்கம் மக்கிக் கிடந்தபோது அப்படி ஒரு கையெழுத்தை ஏன் போட்டான்? எனக்கு ஓய்வுக்கு இன்னும் காலம் இருந்தது.

"தெரியலை சார்" என்றேன்.

'பழுது பார்த்தவர் பெயர்' என்ற கட்டத்தை நான் காலியாக விட்டேன். அது புதிய படிவம். கட்டங்கள் அகலமாக இருந்தன. மூன்று எழுத்துக்கு இடம் இருந்தது, வாலுக்கும் இருந்தது.